ஜப்பான் பிரதமருக்காகக் காத்திருந்த பாலம்

விழா நடத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எதற்கும் இருக்கட்டும். மைக்கை எங்கே வைப்பது, பொன்னாடையை எந்தக் கடையில் எடுப்பது, குத்துவிளக்குத் திரி காற்றில் அணையாமல் இருக்க என்ன செய்வது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நாலு விழா பார்த்தால் தானாக வந்துவிடும். வராவிட்டால் திட்டு வாங்கினால் வரும்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு திட்ட அலுவலகத்தில் விழா ஏற்பாடுகளைப் பார்த்து, முடி நரைத்து, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றவள். அடிக்கல் நாட்டுவது, திறந்து வைப்பது, கொடியசைத்துத் தொடங்கி வைப்பது, எதுவானாலும் அழைப்பிதழிலிருந்து கல்வெட்டு வரைக்கும் என் தலையில்தான் விடியும். இந்தத் தொழிலில் உண்மையான கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே. கட்டின சுவரில் விரிசல் விட்டால் ஒரு குழு போட்டுச் சமாளித்துவிடுவார்கள். கல்வெட்டில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அவர் உங்களைச் சாகும்வரை மறக்கமாட்டார். அதனால் பெயர் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு நடுக்கம் உண்டு. அந்த நடுக்கம் கட்டி முடித்த ஒரு பாலத்தை எப்படி மூடி வைத்தது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கல்வராயன் மலைக்கு ஜப்பான் நாட்டுக் கடனில் ஒரு திட்டம் வந்தது. குறைந்த வட்டி, நீண்ட தவணை, நம் அரசு மெல்ல மெல்லத் திருப்பிக் கட்ட வேண்டும். அதில் ஓர் ஓடையின் குறுக்கே பாலம் கட்டுவது ஒரு வேலை. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன்; சொன்னால் நாளைக் காலையில் எனக்கு மூன்று போன் வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போகிற ரோடு. நடுவில் ஒரு பழைய தரைப்பாலம் கிடந்தது. மழை வலுத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். தோண்டிப்போட்ட மரவள்ளிக் கிழங்கு அந்தப் பக்கமே கிடந்து அழுகும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, நோயாளிக்கு ஆஸ்பத்திரி கிடையாது. ஊர்க்காரர்கள் பாலம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனவர்கள்.

அடிக்கல் நாட்டும்போதே எங்கள் அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் நல்ல மனிதர்தான், கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூன்று தடவை உதறுவார், மை வேண்டாமென்று மறுத்துவிடாதா என்கிற நப்பாசையோடு. அவர் சொன்னது இது: கல்வெட்டில் நம் ஊர்ப் பெரியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது; பணம் கொடுத்தது ஜப்பான்; அந்த நாட்டுப் பிரதமரின் பெயர் உச்சியில் இல்லாவிட்டால் அவர்கள் மனம் கோணாதா, அடுத்த தவணை நின்றுபோகாதா? “அவங்க கேட்டாங்களா சார்?” என்றேன். “கேட்ட பிறகு போட்டா அதுல என்னம்மா மரியாதை இருக்கு?” என்றார்.

கல்லும் ஃபிளெக்ஸும் எங்களுக்கு ஜமால் பாய் கடையில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும். ஜப்பான் பிரதமர் கும்பிடுகிற மாதிரி படம் வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஜமால் பாய் தன் மச்சானைக் கும்பிடச் சொல்லிப் படமெடுத்து, அந்தக் கையைப் பிரதமரின் கோட்டுக்கு முன்னால் ஒட்டிவிட்டார். விரலில் இருந்த வெள்ளி மோதிரம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அடிக்கல் விழாவில் அதைப் பார்த்து, ஜப்பானிலும் மோதிரம் போடுவார்கள் போலிருக்கிறது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். கல்லில் “மாண்புமிகு ஜப்பான் நாட்டுப் பிரதமர்” என்று முதல் வரி, அப்புறம்தான் நம்மவர்கள். விழா ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

சில மாதத்தில் அந்தப் பிரதமர் விலகிவிட்டார். அடிக்கல் பழைய கதை, போனால் போகட்டும் என்று இருந்தோம். பாலம் கட்டி முடிகிற நேரத்தில் திறப்பு விழாக் கல்லைப் புதுப் பிரதமர் பெயரில் வெட்டி, பளபளவென்று பாலிஷ் போட்டு, துணி சுற்றி அலுவலகத்தில் வைத்தோம். திறப்பு விழாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜமால் பாய் போன் பண்ணினார். இவரும் விலகப் போகிறாராம். தேர்தலில் இடம் குறைந்துவிட்டதாம், அரிசி விலை ஏறி ஜனங்கள் கோபமாக இருக்கிறார்களாம். “அரிசி வெல ஏறினா அங்கயும் இதே கததான் மேடம்” என்றார் பாய். அவர் குரலில் துக்கம் எதுவும் இல்லை. அவருக்கென்ன, இன்னொரு கல்.

அந்த நாட்களில் ஜப்பான் அரசியலை ஜமால் பாய் அளவுக்குத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் கிடையாது. தொழில் ஆர்வம். கடையில் போய் உட்கார்ந்தால் டீ வரும், டீயோடு செய்தியும் வரும். அங்கே பெரும்பாலும் ஒரே கட்சிதான் ஆள்கிறது, உள்ளுக்குள் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். இன்னொரு சங்கதியும் சொன்னார்: அந்த நாட்டு அரசின் கடன், நாடு முழுக்க ஒரு வருஷம் உழைத்துச் சம்பாதிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்குக் கடன் கொடுத்தவர்கள் என்றால் பெட்டி நிறைய வைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாய் விளக்கினார்: கடன் வெளியாளிடம் கொஞ்சம்தான். முக்கால்வாசி தங்கள் ஜனங்களிடமும், தங்கள் பாங்குகளிடமும் வாங்கினது. அப்பன் ஆத்தாளிடம் வாங்கி, மகனிடம் வாங்கி, குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவிடுகிற மாதிரி. அதனால் யாரும் வாசலில் வந்து நின்று கத்தமாட்டார்கள். புதிதாக வருகிற தலைவர் எல்லாம் வரியைக் குறைக்கிறேன், கையில் ரொக்கம் தருகிறேன் என்பார்கள். கடனைப் பற்றிக் கேட்டால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். தலைவர்கள் வரிசையாக ராஜினாமா செய்துகொண்டிருக்க, கடன் மட்டும் ஒரு தடவையும் ராஜினாமா செய்யவில்லை.

இதைச் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அப்போது அதிகாரி போட்ட உத்தரவு சிரிப்பாக இல்லை. புதுப் பிரதமர் யாரென்று தெரிகிற வரைக்கும் திறப்பு விழா கிடையாது. திறப்பு விழா நடக்கிற வரைக்கும் பாலத்தின் மேல் ஒரு சைக்கிள்கூட ஏறக்கூடாது. பெரியவர்கள் வந்து ரிப்பன் வெட்டும்போது டயர் தடம் இருந்தால் என்ன மரியாதை? பாலத்தின் இரண்டு முனையிலும் பெரிய சிமென்ட் குழாய்களை உருட்டிப்போட்டு, முள்ளை வெட்டி அடைத்து, ஒரு காவலாளியையும் உட்கார வைத்தோம். ஊர் ஜனங்கள் புத்தம் புதுப் பாலத்துக்குக் கீழே, பழைய தரைப்பாலத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தனை நான் அங்கேதான் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர். கொஞ்சம் நிலம், அதில் மரவள்ளி. ஐம்பது வயதுகூட இருக்காது, இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். ஊரில் ஒரே ஒரு ஜீப் உண்டு, அதில்தான் வருவார். இடது முழங்கையில் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் பண்ணி நரம்பைத் தயார் செய்திருந்தார்கள். அந்தக் கையில் அடிபட்டால் போச்சு. அதனால் எந்நேரமும் அதைத் துண்டால் சுற்றி, மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார். நான் பாலத்தைப் பார்க்கப் போன அன்றைக்கு ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தார்.

“இன்னா மேடம், பாலத்த கட்டி முடிச்சிட்டீங்க, ரெண்டு பக்கமும் கொழாயப் போட்டு அடச்சிட்டீங்க. யாருனா தூக்கிக்கினு பூடுவாங்கன்னா?”

காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் பிரதமர் மாறப்போகிறார், அதனால் நீங்கள் ஓடையில் இறங்கிப் போக வேண்டும். கோவிந்தன் சிரிக்கவில்லை. ஜப்பான் எவ்வளவு பெரிய பணக்கார நாடு என்று கேட்டார். ஜமால் பாயிடம் கேட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன், கடன் கதை உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

“ஆளு மாறினா கடன் கம்மி ஆவுதுங்களா?”

“இல்ல, ஜாஸ்திதான் ஆவுது.”

“அப்ப இன்னாத்துக்கு மாத்திக்கினே கீறாங்க?”

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் ஜமால் பாயிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. உங்களில் யாராவது பொருளாதாரம் படித்திருந்தால் கோவிந்தனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மழை வலுக்கும் முன்னால் திறந்துவிட்டால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையை அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு உட்கார்ந்தேன், போன் அடித்தது. ஜமால் பாய்தான். ஆளும் கட்சி புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது, ஓர் அம்மா, அநேகமாக அவர்தான் பிரதமர். அதிகாரிக்குச் சொன்னேன். மூன்று தடவை பேனாவை உதறிவிட்டுக் கல்லுக்கு உத்தரவு போட்டார். பாய் கெட்டிக்காரர், போன பிரதமரின் கல்லையே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாலிஷ் பண்ணி வெட்ட ஆரம்பித்தார். “மாண்புமிகு” வரைக்கும் வெட்டியாயிற்று. மறுபடி போன்.

“மேடம், பேர வெட்டாம நிறுத்தி வெச்சிக்கிறேன். கூட்டாளிக் கட்சி கயண்டுகிச்சாம். இந்தம்மா வருவாங்களா மாட்டாங்களான்னு அங்க இருக்கிறவங்களுக்கே தெரியல.”

கல் “மாண்புமிகு” என்கிற ஒற்றை வார்த்தையோடு பாய் கடை வாசலில் சாய்ந்துகிடந்தது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கொடுக்க வந்தவர்கள் அதில் காலை வைத்துச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அதே வாரத்தில் மலையில் மழை பிடித்துக்கொண்டது.

தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கோவிந்தனின் ஜீப் ஓடை வரைக்கும் வந்து நின்றது. ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்துக் குழாய் மேலே ஏற்றிவிடப் பார்த்தார்கள். நனைந்த குழாய், வழுக்கியது, அவருடைய அந்த இடது கை குழாயில் இடித்துவிட்டது. நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பயந்துவிட்டார், திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். நம்பரைக் காவலாளியிடம் வாங்கினாராம்.

“மேடம், செவ்வாக்கெழம போவ முடில. காலு மூஞ்சியெல்லாம் வீங்கிக்கினு வர்து. படுத்தா மூச்சி வுட முடில அவருக்கு. வெள்ளிக்கெழமயும் போவலன்னா வூட்டுக்காரர் தங்கமாட்டாரு. அன்னிக்கினா வழி வுடச் சொல்லுங்க.”

அதிகாரி சென்னையில் இருந்தார். கல்லில் யார் பெயரைப் போடுவது என்று மேலிடத்தில் கேட்டு வரப் போயிருந்தார். போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. “அய்யய்யோ” என்றுதான் முதலில் சொன்னார். அடுத்த மூச்சில் வேறு பேசினார். வெள்ளிக்கிழமை கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதி, ஒரு ஜப்பான்காரர், பாலத்தை ஆய்வு செய்ய வருகிறார். அவர் கண்ணுக்குப் பாலம் புத்தம் புதிதாகத் தெரிய வேண்டும். அவர் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் யோசிப்போம். அவரை நீங்களே கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் போனை ஓடையில் எறிந்திருப்பேன். அலுவலகப் போன், அதனால் எறியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தீபாவளிக்கு முந்தின வெள்ளி, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஜப்பான்காரரையும், சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் தம்பியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். ஜப்பான்காரர் அமைதியான மனிதர். ரப்பர் பூட்ஸ், ஒரு குடை, கையில் சின்னச் சுத்தியல். வழியில் நான் காட்டிய எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பாலத்துக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே ஓடை செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. அந்த முனையில் குழாய்க்கு அப்பால் ஜீப் நின்றது. பின் சீட்டில் கோவிந்தன் சாய்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார்.

ஜப்பான்காரர் குழாயைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார்.

“மேடம், பாலத்துல ஏதாவது கோளாறான்னு சார் கேக்கறாரு. எதுக்கு மூடியிருக்குன்னு.”

இதுதான் அந்த இடம். புதியவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கோளாறு என்று சொன்னால் திட்டத்துக்கே உலை. பராமரிப்பு வேலை என்று பொய் சொல்லலாம். சுத்தியலோடு வந்த மனிதர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிப்பார். நான் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தேன். நேர்மை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அந்த ஹாரன் சத்தத்தில் பொய் யோசிக்க நேரமில்லை.

“உங்க பிரதமர் யாருன்னு தெரியறதுக்காக மூடி வெச்சிருக்கோம்னு சொல்லுங்க” என்றேன்.

தம்பி என் பக்கம் குனிந்தார். “மேடம், இத நான் எப்படி சொல்றது?” என்று கிசுகிசுத்தார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ஜப்பான்காரர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார். அப்புறம் அந்த மனிதர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். ஏன் மடக்கினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு தம்பி மூலமாகப் பேசினார். அடுத்த பிரதமர் யாரென்று தனக்கும் தெரியாது. யார் வந்தாலும் அவருக்கு இந்தப் பாலத்தைப் பற்றித் தெரியப்போவதில்லை. அவர் பெயரைப் போடச் சொல்லித் தாங்கள் கேட்கவும் இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை மாசமாக ஒரு மனுஷரைக்கூடக் கேட்கவில்லையே நாம். சரி, நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, அப்படியானால் நீங்களே திறந்துவைத்துவிடுங்கள் சார், அந்த ஜீப்பில் நோயாளி இருக்கிறார் என்றேன். உடனே அவர் ஓர் அடி பின்னால் போனார். திறந்துவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, தலைமையைக் கேட்க வேண்டும், பதில் வர நாளாகும் என்றார். முகத்தில் உண்மையான வருத்தம். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். பேனா உதறுகிற முகம். கடலுக்கு அந்தப் பக்கமும் நம்மவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஜீப்பின் கதவு திறந்தது. கோவிந்தனின் மனைவி இறங்கி, முள்ளுக்கு அந்தப் பக்கமாக நின்று என்னைப் பார்த்தார். கத்தவில்லை, கும்பிடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அதிகாரம் இல்லாத ஆளிடம் அதிகாரத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவரிடம் எது இருக்கிறதோ அதைக் கேளுங்கள். இது ஒன்றைத்தான் நான் அந்த மழையில் கற்றுக்கொண்டேன். நான் தம்பியைக் கூப்பிட்டு, “சார் இங்க வந்தது ஆய்வுக்குத்தானேன்னு கேளுங்க” என்றேன். ஆமாம் என்றார். “பாலத்து மேல வண்டியே ஓடாம, பாலம் தாங்குதா இல்லையான்னு எப்படி ஆய்வு பண்ணுவாரு? சோதனை ஓட்டத்துக்கு அவருக்கு அதிகாரம் உண்டா?”

தம்பி சொல்லி முடிக்கும் முன்பே அந்த மனிதர் நிமிர்ந்தார். சோதனைக்கா? அதற்குத் தாராளமாக உண்டு. அதற்காகத்தானே வந்திருக்கிறேன். என்ன வண்டி? “அதோ நிக்குதே, அந்த ஜீப்” என்றேன். பயணிகளோடா? “ஆளோட ஓட்டினாத்தானே சார் சோதனை.”

ரோட்டு வேலைக்காகப் பக்கத்தில் நின்ற பொக்லைனைக் கூப்பிட்டோம். காவலாளி மட்டும் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று கையைப் பிசைந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், அவரும் சேர்ந்து முள்ளை இழுத்துப் போட்டார். பொக்லைன் இந்த முனைக் குழாயை உருட்டியது, பாலத்தின் மேல் போய் அந்த முனைக் குழாயையும் உருட்டியது. ஜீப் நகர்ந்தது. ஜப்பான்காரர் பாலத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, தளத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்த்தார். ஜீப் என்னைத் தாண்டும்போது கோவிந்தனின் முகத்தைப் பார்த்தேன். உப்பிப்போய், கண் சுருங்கி, உதடு வெளுத்திருந்தது. பேச முடியவில்லை. நல்ல கையை மட்டும் கொஞ்சம் தூக்கினார். வண்டி நிற்காமல் கள்ளக்குறிச்சி ரோட்டைப் பிடித்தது.

தம்பி வந்து, ஒரே ஒரு வண்டி போதாது, இன்னும் வேண்டும் என்கிறார் சார் என்றார். வேண்டுமா? ஊருக்குள் சொல்லி அனுப்பினேன். கிழங்கு லாரி வந்தது, டூவீலர்கள் வந்தன, பால்காரர் வந்தார், பள்ளிக்கூடப் பை மாட்டின பிள்ளைகள் வந்தார்கள், ஆடு மாடுகள்கூட வந்தன. ஜப்பான்காரர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, எல்லாப் பருவத்திலும் பாலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதனால் சோதனை தொடர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் அதைத் தெரிந்து செய்தாரா, விதிப்படி செய்தாரா? முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கும் வழியில் ஒரே ஒரு தடவை தானாகப் பேசினார். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கையில் ஊசி ஏற்றி ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது.

அதிகாரி சென்னையிலிருந்து வந்ததும் என்னிடம் விளக்கம் கேட்டார். யாரைக் கேட்டுப் பாலத்தைத் திறந்தீர்கள்? நான் திறக்கவில்லை ஐயா, சோதனை நடக்கிறது, கடன் கொடுத்தவர்கள் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள் என்று பதில் கொடுத்தேன். பேனாவை உதறிக்கொண்டே படித்தார். மூடு என்றால் ஜப்பானை எதிர்த்ததாகிவிடும், திறந்துவிட்டோம் என்றால் விழா போய்விடும். சோதனை நடக்கட்டும் என்று எழுதினார். ஜப்பான்காரர் பெயர் வேண்டாமென்று சொன்னதையும் அவரிடம் சொன்னேன். “அது அவங்க அடக்கம்மா. நாம போடலன்னா மனசுல வெச்சிக்குவாங்க” என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் அந்த அம்மா பிரதமராகிவிட்டார். ஜமால் பாய் அன்றைக்கே “மாண்புமிகு”வுக்குக் கீழே பெயரை வெட்டிக் கொடுத்துவிட்டார். கல் தயார். ஆனால் இப்போது நம் பக்கத்துச் சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. தேதி ஒத்துவந்தபோது அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. புது அதிகாரி கோப்பைப் படித்து முடிப்பதற்குள் நான் ஓய்வு பெற்றேன். அப்புறம் நம் தேர்தல் வந்தது, விழாவே கூடாதென்று நிறுத்தி வைத்தார்கள். ஜப்பானில் ஆள் மாறுகிறார்கள் என்று சிரிக்கிறோமே, நம் ஒரு பாலத்துக்குள் எத்தனை பேர் மாறினார்கள் பாருங்கள். நான் இதை எழுதும்வரை அந்த அம்மா பதவியில் இருக்கிறார் என்று ஜமால் பாய் சொல்கிறார், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஆக, அரசாங்கக் கணக்கில் அந்தப் பாலம் இன்னும் திறக்கப்படவில்லை. சோதனையில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் கோவிந்தன் அதன் மேல் போய் வருகிறார்.

போன வாரம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் அவருக்கு அரை டம்ளர்தான் அளவு. தேர்தல்தான் முடிந்துவிட்டதே, சீக்கிரம் தேதி குறித்துவிடுவார்கள், உங்கள் பாலத்துக்குப் பெரிய விழாதான் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“வாணாம் மேடம். வெள்ளையடிக்கணும், பந்தல் போடணும்னு பத்து நாளு கொழாய உருட்டி அடச்சிடுவாங்க. தெறக்கறதுக்கோசரம் மூடுவாங்க. என்னால அவ்ளோ நாளு தாங்க முடியாது. தெறக்காமயே வுட்டுடச் சொல்லுங்க.”

நான் ஓய்வு பெற்றவள், நான் சொன்னால் இனி யார் கேட்பார்கள்? அந்தக் கோப்பு இப்போது உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கிறது.